உலக்கை விழும்வரை

“ஏங்க, இன்னைக்கு என்ன கிரகணமா?”

“இன்னைக்கு வியாழக்கெழம. தீவாளிக்கு இன்னும் மூணு நாள் இருக்கு. ஏன் கேக்குற?”

“உலக்க நிக்குது.”

உதயராஜ் முன்வாசல் இஸ்தோப்புக்கு வந்து பார்த்தான். அதிரசத்துக்கு ஊறவைத்த அரிசியை இடித்துக்கொண்டிருந்த அவன் மனைவி இராஜகுமாரி, அவிழ்ந்த கொண்டையை முடிய உலக்கையைச் சிமெந்துத் தரையில் நிறுத்தியிருந்தாள். சுவரில் சாய்க்க மறந்துவிட்டாள். கையை எடுத்த பிறகும் உலக்கை நின்றது. பூண் போட்ட அடி தரையில் பதிய, யாரும் பிடிக்காமல், நேராக நின்றது.

“அடி தட்டையா இருக்கு, நிக்குது. அதுக்கென்னா?” என்று சிரித்தான் உதயராஜ்.

“அதுக்கென்னாவா?”

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது.

ஓப்பநாயக்க ஊருக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில், உலக்கை நிற்பதென்றால் ஒரே பொருள்தான். கிரகணம் பிடிக்கும்போது கோயில் வாசலில் ஒரு தாம்பாளம் வைத்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அதில் உலக்கையை நிறுத்துவார்கள். கிரகணம் இருக்கும்வரைதான் அது நிற்குமாம். ராகு சூரியனை விட்டதும் தானாக விழுமாம். விழும்வரை அடுப்பு எரியாது, தொண்டையில் தண்ணீர் இறங்காது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற லயக் காம்பராவை, வரிசை வீட்டின் அந்த ஒற்றை அறையை, வெளியிலிருந்து பூட்டி, அந்தச் சாவியையும் தாம்பாளத்திலேயே போட்டுவிடுவார்கள். உலக்கை விழுந்தால்தான் சாவி வெளியே வரும்.

பத்து வருஷத்துக்கு முன், ஒரு மாட்டுப்பொங்கலன்று, அப்படிப் பூட்டிய காம்பராவுக்குள் இராஜகுமாரி கிடந்தாள். எட்டு மாதம். ஜன்னலில் சாக்கு தொங்கியது. மூன்று மணிக்கு இரத்தம் போக ஆரம்பித்தது. “உலக்க இன்னும் நிக்குதாம், பொறுத்துக்க” என்று கதவுக்கு வெளியிலிருந்து சொன்னார்கள். மூன்றரைக்கும் சொன்னார்கள். நாலரைக்கும் சொன்னார்கள். ஐந்து மணிக்கு உலக்கை விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், கொழுந்து லொறியிலேயே பிள்ளை பிறந்தது. அழவில்லை.

“உள்ள இருந்து நீ என்னத்தயோ அறுத்திருக்க,” என்றார்கள்.

அறுத்திருந்தாள். சட்டையில் தொங்கிய ஒரு நூலைப் பல்லால் கடித்து அறுத்திருந்தாள். அந்த ஒரு முழ நூலை அவள் பத்து வருஷம் சுமந்தாள். அதன் பிறகு அவளுக்குப் பிள்ளையும் தங்கவில்லை.

இப்போது உலக்கை நின்றுகொண்டிருந்தது, கிரகணம் எதுவும் இல்லாத ஒரு வியாழக்கிழமையில்.

அவள் அன்றோடு விடவில்லை. விடிகாலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் நிறுத்தினாள், கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்து நிறுத்தினாள், விளக்கு வைக்கிற நேரத்தில் நிறுத்தினாள். வெறுந்தரையில் நிறுத்தினாள். தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றியும் நிறுத்தினாள். நின்ற நாளையெல்லாம் கதவின் உள்பக்கம் கரித்துண்டால் கோடு போட்டாள். முப்பத்தொரு கோடு ஆனது. ஒரு நாளும் உலக்கை தானாக விழவில்லை. கோடு ஏற ஏற, அவள் பேச்சு குறைந்தது.

“பைத்தியம் புடிச்சிருச்சா புள்ள ஒனக்கு?” என்றான் உதயராஜ்.

“இப்பத்தாங்க தெளியுது.”

தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் தனுஜா டீச்சரை வழியில் மறித்தாள்.

“டீச்சர், பத்து வருஷத்துக்கு முந்தி மாட்டுப்பொங்கலுக்குப் புடிச்ச கிரகணம் எத்தன மணிக்கு விட்டுச்சு? ஒங்க போன்ல பார்த்துச் சொல்ல முடியுமா?”

டீச்சர் தேடிப் பார்த்தாள். “மூணேகாலுக்கெல்லாம் விட்டுருச்சுக்கா.”

“எனக்குக் கதவத் தொறந்தது அஞ்சு மணிக்கு.”

டீச்சருக்கு அந்தக் கதை தெரியும். போனைப் பைக்குள் வைத்தாள். பிறகு சொன்னாள்:

“உலக்கைக்கும் சூரியனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லக்கா. நிலா குறுக்க வருது, அதோட நிழல் விழுது, அவ்வளவுதான். ஆரியபட்டர்னு ஒருத்தரு ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தியே கணக்குப் போட்டு எழுதி வச்சாரு. முழுங்குறது ராகு இல்ல, நிழல்தான்னு.”

“எழுதி வச்சிருந்தா ஏன் எங்களுக்கு யாரும் சொல்லல?”

“பின்னால வந்த பெரிய பெரிய கணக்குக்காரங்களே அவர ஏசினாங்க. ராகு இல்லன்னா வேதத்துக்கு ஆகாது, ஒலகம் ஒத்துக்காதுன்னு. ஆனா அவரு வழியில வந்த கணக்க மட்டும் விடல. பஞ்சாங்கம் போட அது வேணும்ல?”

“கணக்கு அவரோடது, பாம்பு இவங்களோடதா?”

“அப்படித்தான். இத்தாலியில கலிலியோன்னு ஒருத்தரு, பூமிதான் சுத்துதுன்னு சொன்னாரு. எழுபது வயசு ஆகப்போற மனுசன முட்டி போட வச்சு, நான் சொன்னது தப்புன்னு சொல்ல வச்சாங்க, அந்த ஊரு சாமியாருங்க.”

“சொன்னாரா?”

“சொன்னாரு.”

“சொன்னதும் பூமி நின்னுருச்சா?”

டீச்சர் சிரித்துவிட்டாள். இராஜகுமாரி சிரிக்கவில்லை. “அடுத்த கிரகணம் எப்ப?”

“டிசம்பர் இருபத்தாறு, நத்தாருக்கு மறுநாள். காலையில எட்டு மணிக்கு மேல புடிச்சு, பதினொன்னரைக்குள்ள விட்டுரும்.”

இராஜகுமாரி விரல் மடக்கி எண்ணினாள். அவளுடைய அண்ணன் மகள் சுதர்சினிக்கு அப்போது ஒன்பது மாதம் நிறைந்திருக்கும். தாயும் தகப்பனும் இல்லாத பெண். இராஜகுமாரிதான் வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள், அதே லயத்தில் கடைசிக் காம்பராவுக்கு.

“எம்புள்ளய பூட்ட விடமாட்டேன்,” என்றாள்.

நேரே கோயிலுக்குப் போனாள். கந்தையா பூசாரி விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பூசாரியய்யா, அன்னைக்கு அஞ்சு மணிக்கு உலக்க எப்படி விழுந்துச்சு?”

“எப்படின்னா? அம்மன் உத்தரவு.”

“நீங்க பக்கத்துலயே நின்னீங்க. கண்ணால பார்த்தத சொல்லுங்க.”

பூசாரி தட்டைத் திருப்பித் திருப்பித் துடைத்தார். “மாட்டுப்பொங்கல்ல அன்னைக்கு. பழனியாண்டி மாட்டக் குளுப்பாட்டி, கன்னையும் சேத்து ஓட்டிக்கிட்டு வந்தான். கன்னு துள்ளி வந்து முட்டிருச்சு.”

“கன்னுக்குட்டி.”

“அம்மன்தான் கன்னு ரூபத்துல வந்து…”

“அந்தக் கன்னு அன்னைக்கு வரலன்னா, நான் மறுநாள் வரைக்கும் உள்ள கெடந்திருப்பேன். அப்படித்தானே?”

பூசாரி தட்டைக் கீழே வைத்தார்.

“நூல அறுத்தேன்னு சொன்னீங்களேய்யா! பத்து வருஷமா எம்புள்ளய நானே கொன்னேன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேனேய்யா! கன்னுக்குட்டிக்கு இருந்தது இந்த டிவிஷன்ல ஒரு மனுசனுக்கு இல்லாமப் போச்சா?”

“சத்தம் போடாத. தலைவரு காதுல விழப்போவுது.”

“விழட்டும்.”

விழுந்தது. கிரகணத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கோயில் சபைக் கூட்டம். தலைவர் பழனியப்பனுக்குப் பசாரில் பெரிய பலசரக்குக் கடை. கோயிலுக்கும் அவர்தான் தலைவர், பள்ளிக்கூடச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். பிள்ளைத்தாய்ச்சிகள் பெயரை வாசித்து முடித்தார். அந்த முறை ஒரே பெயர்தான், சுதர்சினி. இராஜகுமாரி தன் வீட்டு உலக்கையோடு கூட்டத்தின் நடுவே வந்து நின்றாள்.

“தலைவரே, கிரகணத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. இங்க பாருங்க.”

நிறுத்தினாள். கையை எடுத்தாள். நின்றது.

“ஆத்தாடி, இவ உலக்கைக்கு நாள் கெழம தெரியல போல,” என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொல்ல, கூட்டம் சிரித்தது.

“கோயிலுக்குள்ள வித்த காட்டுறியா?” என்றார் பழனியப்பன்.

“அப்ப கோயில் உலக்கையக் கொண்டாங்க. அதயும் நிறுத்துறேன்.”

யாரும் அசையவில்லை. அவளே போய் எடுத்து வந்தாள். அதன் பூண் தேய்ந்திருந்தது. கொஞ்சம் ஆடியது, பிறகு அதுவும் நின்றது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“முப்பத்தொரு நாள் நிறுத்திப் பார்த்தேன். ஒரு நாளும் தானா விழல. எவனாவது தட்டினாத்தான் விழும். அத நம்பி ஒரு புள்ளத்தாச்சிய தண்ணி இல்லாமப் பூட்டி வைக்கப் போறீங்களா? வேணும்னா டீச்சரக் கேளுங்க. படிச்சவங்க, நிக்கிறாங்கல்ல.”

எல்லாரும் தனுஜாவைப் பார்த்தார்கள்.

“என்ன டீச்சர், இது ஒங்க பாடமா?” என்றார் பழனியப்பன், மிகவும் மெதுவாக. “ஸ்கூல் கூரைக்குத் தகரம் கேட்டு அடுத்த மாசம் என் கடைக்குத்தான வரணும் நீங்க?”

“நான் ஒண்ணும்… அவங்க கேட்டாங்க, புஸ்தகத்துல இருக்கிறதச் சொன்னேன்.” டீச்சர் தரையைப் பார்த்தாள். “பாடம் வேற, நம்பிக்கை வேற.”

“கேட்டுக்கிட்டியா? பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த காலத்துல இருந்து நிக்கிற உலக்க. உலக்க பொய் சொல்லாது. மனுசர்தான் பொய் சொல்லுவாங்க. சுஜன், இங்க வாடா.”

சுஜன் சுதர்சினியின் புருஷன். பயந்துகொண்டே முன்னால் வந்தான்.

“நீ ஓட்டுற லொறி யாரோடது?”

“ஒங்களோடதுங்க மொதலாளி.”

“ஒம்பொஞ்சாதியோட அத்த, அம்மன் வாசல்ல வந்து அம்மன் உத்தரவு பொய்யின்னு சொல்லுது. நாளையில இருந்து லொறிச் சாவிய நான் யாருகிட்ட குடுக்கட்டும்?”

சுஜன் இராஜகுமாரியைப் பார்த்தான். பெண்கள் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சுதர்சினி அழத் தொடங்கினாள்.

“என்னா சொல்லணும்?” என்று கேட்டாள் இராஜகுமாரி.

“முட்டி போட்டு, கற்பூரத்துல கை வச்சு, நான் சொன்னது தப்புன்னு சொல்லு.”

முட்டி போட்டாள். “நான் சொன்னது தப்பு. உலக்க கிரகணத்துக்கு மட்டுந்தான் நிக்கும்.”

அவளுக்குப் பின்னால் இரண்டு உலக்கைகளும் நின்றுகொண்டிருந்தன. கூட்டம் முழுவதும் அவற்றைத்தான் பார்த்தது.

“அதுகள எடுத்துச் சாய்ச்சு வைங்கடா!” என்று கத்தினார் தலைவர். “இவ உலக்கயும் இங்கயே கெடக்கட்டும். தோஷம் கழிச்சுத்தான் குடுக்கணும்.”

வெளியே படியில் டீச்சர் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். “அக்கா, மன்னிச்சுக்கங்க. என் நெலம…”

“அந்த இத்தாலிக்காரரு முட்டி போட்டப்ப, பக்கத்துல டீச்சருங்க யாரும் நிக்கலயா?”

கையை உதறிவிட்டுப் போனாள்.

கிரகணத்தன்று காலை பெரட்டு இல்லை. எட்டு மணிக்கே சுதர்சினியின் காம்பரா பூட்டப்பட்டது. துணைக்கு உள்ளே இருந்தது சுஜனின் தாய் மருதாயி. சாவி கோயிலுக்குப் போனது. வெயில் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, லயத்து மரத்தடியில் விழுந்த வெளிச்சப் பொட்டெல்லாம் அரிவாள் அரிவாளாக மாறியது. இராஜகுமாரி அதைப் பார்த்துக்கொண்டே கடைசிக் காம்பராவின் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதரைக்கு உள்ளேயிருந்து ஒரு அலறல்.

“அத்த! தண்ணி ஒடஞ்சிருச்சு அத்த!”

“சம்மந்தி, எப்ப இருந்து வலி?” என்று கதவைத் தட்டினாள்.

“விடியக்காலையிலயே லேசா இருந்துச்சு. சூட்டு வலின்னு நெனச்சேன்,” என்றாள் மருதாயி.

“நெனச்சீங்களா, மறச்சீங்களா?”

சுஜன் ஓடி வந்தான். “அத்த, பூட்ட ஒடச்சிரவா?”

“பூட்ட ஒடப்ப. ஒங்கம்மா உள்ள போட்டிருக்கிற தாழ்ப்பாள எதக்கொண்டு ஒடப்ப? சம்மந்தி, தொறங்க!”

“உலக்க விழுந்துருச்சா?”

“அது கெடக்கட்டும், தொறங்க!”

“விழாமத் தொறக்க மாட்டேன். எம்பேரப்புள்ளைக்கு ஒதடு பொளந்து போச்சுன்னா நீயா வந்து தச்சுக் குடுப்ப?”

“அத்த… ஒரு வாய் தண்ணி…” என்றது சுதர்சினியின் குரல். “குடிக்கக்கூடாதுடி, பல்லக் கடிச்சுக்க,” என்றது மற்றக் குரல். இதே வார்த்தைகள். பத்து வருஷத்துக்கு முன் கேட்ட அதே வார்த்தைகள், அதே வரிசையில்.

இராஜகுமாரி எழுந்தாள். “சுஜன், டவுன்ல இருக்கிற ஸமீம் நானாவுக்கு போன் போடு. த்ரீவீல் ஆட்டோவ லயத்து வாசல் வரைக்கும் கொண்டாரச் சொல்லு.”

“சாவி?”

“நான் கொண்டாறேன்.”

கோயில் வாசலில் ஊரே உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நடுவே தாம்பாளம், மஞ்சள் தண்ணீர், தண்ணீருக்குள் சாவி. நின்றுகொண்டிருந்தது அவளுடைய உலக்கை! கோயில் உலக்கை ஆடுகிறதென்று, தோஷம் பட்டதென்று பிடுங்கி வைத்த அதையே நிறுத்தியிருந்தார்கள்.

அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேரே போய், உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள். உலக்கை தாம்பாளத்தின் விளிம்பில் இடித்து, உருண்டு, படியில் விழுந்தது. மஞ்சள் தண்ணீர் தலைவரின் வெள்ளை வேட்டியில் தெறித்தது.

“உலக்க விழுந்துருச்சு. மணிய அடிங்க.”

“அடிப்பாவி! நீ தள்ளி விட்ட!” பழனியப்பன் துள்ளி எழுந்தார்.

“கன்னுக்குட்டி தள்ளினா அம்மன் உத்தரவு. நான் தள்ளினா மட்டும் தள்ளினதா?”

“மேல பாருடி! சூரியன் இன்னும் கால்வாசி கூட விடல!”

“இப்ப மட்டும் மேல பாக்கச் சொல்றீங்களா? அன்னைக்கு எனக்கு மேல பாத்தீங்களா? மூணேகாலுக்கு சூரியன் முழுசா மேல நின்னுச்சே, ஒருத்தராவது நிமுந்து பாத்தீங்களா? உலக்கயத்தான பாத்துக்கிட்டு இருந்தீங்க!” அவள் குரல் மலையில் பட்டுத் திரும்பியது. “உலக்க பொய் சொல்லாதுன்னு இதே எடத்துல சொன்னீங்களே தலைவரே. இப்ப எது நெசம்? உலக்கயா, சூரியனா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க. ஊரு கேக்கட்டும்.”

பழனியப்பன் வாயைத் திறந்தார். உலக்கை என்றால் கதவைத் திறக்க வேண்டும். சூரியன் என்றால் உலக்கை ஒன்றுமில்லை. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

அப்போது மணி அடித்தது.

எல்லாரும் திரும்பினார்கள். கந்தையா பூசாரி இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தார். யாரையும் பார்க்கவில்லை. “உலக்க விழுந்துருச்சு,” என்றார். “கிரகணம் விட்டுருச்சு.”

அவள் தண்ணீருக்குள் கை விட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

“விழுந்துருச்சா?” என்று உள்ளிருந்து கேட்டாள் மருதாயி.

“மணிச்சத்தம் கேக்கல? தொறங்க!”

தாழ்ப்பாள் விலகியது. சுதர்சினி முழுவதும் நனைந்த பாயில் கிடந்தாள். இராஜகுமாரி முதலில் செய்தது, ஒரு செம்பு தண்ணீரை அவள் வாயில் வைத்ததுதான். வெளியே வந்ததும் மருதாயி அண்ணாந்து பார்த்துவிட்டாள். “ஐயோ, இன்னும் விடலயே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏறுங்க பெரியம்மா, அப்புறம் அடிச்சுக்கலாம்,” என்றான் ஸமீம். “எங்க பள்ளிவாசல்லயும் இன்னைக்கு கிரகணத் தொழுகதான். அதுக்குன்னு புள்ளத்தாச்சிய யாரும் பூட்டி வைக்கல.”

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணிக்குள் பிறந்துவிட்டது. பெண் குழந்தை. உதடு முழுசாக இருந்தது. கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். “தவ டிக்கக் பரக்கு உனா நங்…” என்று நர்ஸ் நோனா சிங்களத்தில் சொல்லித் தலையை ஆட்டினாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று அவள் சொல்ல வந்ததை இராஜகுமாரிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சாயந்தரம் அவள் லயத்துக்குத் திரும்பியபோது, கோயில் ஒலிபெருக்கியில் தலைவரின் குரல் கேட்டது. அம்மன் கருணையால் தாயும் சேயும் நலமாம். நடந்த குற்றத்துக்கு வெள்ளிக்கிழமை பரிகார பூஜையாம். சுஜனின் லொறி வேறொருவன் கையில் போய்விட்டதென்று உதயராஜ் சொன்னான்.

“போகட்டும். அவனுக்கு ரெண்டு கை இருக்கு. புள்ள இருக்கு.”

வாசலில் யாரோ செருமினார்கள். கந்தையா பூசாரி, அவளுடைய உலக்கையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்.

“ஒங்க உலக்க. தோஷமெல்லாம் ஒண்ணும் இல்ல. கொண்டாந்துட்டேன்.”

வாங்கிக்கொண்டாள்.

“நான்தான் மணிய அடிச்சேன் புள்ள,” என்றார் அவர். ஒரு நல்ல வார்த்தை வேண்டி நிற்பது தெரிந்தது.

“தெரியும்யா. எங்கை உலக்கையில படுறதுக்கு முந்தியே மணி அடிக்கணும்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சா, இல்லையா?”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“அன்னைக்கும் பக்கத்துலதான நின்னீங்க. நான் உள்ள இருந்து கத்தினது கோயில் வரைக்கும் கேட்டுச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. கன்னுக்குட்டி வர்றதுக்கு முந்தி, கால் பட்ட மாதிரி, துண்டு பட்ட மாதிரி, நீங்க ஒரு தட்டு தட்டி விட்டிருக்கலாம்லய்யா? ஒரே ஒரு தட்டு!”

கந்தையா பூசாரியின் கண் கலங்கியது. அதற்கெல்லாம் அவளிடம் இரக்கம் மிச்சமிருக்கவில்லை. உலக்கையை வாசற்படிக்கு நடுவில், அவருக்கும் அவளுக்கும் இடையே நிறுத்தினாள். கையை எடுத்தாள். நின்றது.

“போயிட்டு வாங்க. இப்ப தட்டிறாதீங்க.”

பூசாரி வேட்டியைப் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றி விலகி, படியிறங்கினார்.